வாடகை வண்டி கற்பித்த பாடம்

படித்துப் பெறும் அறிவு ஒன்று. பட்டுப் பெறும் அறிவு மற்றொன்று. முதலாவதற்குப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்கிறோம். இரண்டாவதற்கும் கட்டணம் உண்டு, ரசீதுதான் கிடைப்பதில்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நானும் நண்பர் மூவரும் கோவாவுக்குச் சென்று அத்தகைய கட்டணம் ஒன்றைச் செலுத்தி வந்தோம். ஆளுக்கு 2,550 ரூபாய். முதலில் கேட்கப்பட்ட தொகையை வாய் பேசாமல் கொடுத்திருந்தால் ஆளுக்கு 9,250 ரூபாய் ஆகியிருக்கும். இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் இக்கட்டுரையின் பொருள்.

விடுமுறை வந்தால் புனேயில் பயிலும் நம் மாணவர்கள் மகாபலேசுவரத்துக்கும் கோவாவுக்கும் புறப்படுகிறார்கள். கார் அல்லது ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறார்கள். எங்களுக்கு நேர்ந்தது போன்ற கதையை அதன் பிறகு நம் சங்க அறையில் இரண்டு முறை கேட்டுவிட்டேன். இரண்டு முறையும் கேட்ட தொகையை அப்படியே கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். "வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்ததே, பிறகு ஏன் நாம் கொடுக்க வேண்டும்?" என்று இருவரும் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஊர் திரும்பிய பிறகு கேட்ட கேள்வி.

நடந்தது

மாபுசாப் பேருந்து நிலையத்தில் காலையில் இறங்கினோம். அருகில் இருந்த ஒருவரிடம் சிறிய கார் ஒன்றை மூன்று நாளுக்கு எடுத்தோம். நாள் வாடகை 1,800 ரூபாய். முன்பணம் 5,000 ரூபாய். அதோடு எங்களுள் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஒருவராகிய கோவில்பட்டி நண்பரின் ஓட்டுநர் உரிமத்தையும் மூலமாகவே வாங்கி மேசை அறைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. முதுகலை படிக்கும் நால்வரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. கையெழுத்து மட்டும் அழகாகப் போட்டோம்.

மூன்றாம் நாள் மாலை, அஞ்சுணாப் பக்கம் ஒரு குறுகிய சந்தில் வழி தவறி, வண்டியைப் பின்னுக்கு எடுத்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். செம்புரைக்கல் சுற்றுச்சுவர் ஒன்றில் வண்டியின் பின்புறம் மோதியது. பின் பம்பர் பிளந்தது. ஒரு விளக்கு நொறுங்கியது. ஆளுக்கோ சுவருக்கோ தீங்கு இல்லை. பிழை எங்களுடையது, அதில் ஐயம் இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது உரிமையாளர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். கணக்கு ஒன்று எழுதினார். பம்பருக்கும் விளக்குக்கும் 14,000. இடப்பக்கக் கதவின் நெளிவுக்கு 10,000. வண்டி பத்து நாள் ஓடாமல் நிற்பதற்கு 18,000. மொத்தம் 42,000 ரூபாய். "காப்பீடு இருக்கிறதே?" என்று கேட்டோம். "அது பெரிய விபத்துக்கு" என்றார். ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டினார். வாடகைக் காலத்தில் வண்டிக்கு ஏற்படும் எல்லாச் சேதத்துக்கும் எடுத்தவரே பொறுப்பு என்று இருந்தது. பிறகு, 42,000 ரூபாய் தர ஒப்புக்கொள்வதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்.

கோவில்பட்டி நண்பர் பேனாவை எடுத்துவிட்டார். அவர் தம் ஆராய்ச்சி உதவித்தொகையில் பாதியை மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்புபவர். ஓட்டியவர் தாமே என்ற கூச்சம் அவரை வாய் திறக்க விடவில்லை. ஈரோட்டு நண்பர்தாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பம்பரும் விளக்கும் உடைந்தன என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு. தொகையை எழுதாதே" என்றார். உரிமையாளர் முணுமுணுத்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். முன்பணமும் உரிமமும் அவரிடமே தங்கின. இரவுப் பேருந்தில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் புனே வந்து சேர்ந்தோம்.

காப்பீடு யாருக்குக் கவசம்?

நம் விடுதியில் சட்டம் பயிலும் அண்ணன் ஒருவர் உண்டு. அவரிடம் போனோம். அவர் முதலில் சொன்னது எங்கள் மனத்தில் இருந்த பெரிய தவறான எண்ணத்தைப் போக்கியது. "வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்கிறீர்கள். வண்டிக்கு இல்லை, வண்டியின் சொந்தக்காரருக்கு இருக்கிறது. பாலிசி அவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவே செய்துகொண்ட ஒப்பந்தம். உங்கள் பெயர் அதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

வண்டிக் காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வண்டியால் வழிப்போக்கர் ஒருவருக்குக் காயமோ இறப்போ பிறர் பொருளுக்குச் சேதமோ நேர்ந்தால் ஈடு கொடுப்பது இது. உரிமையாளரின் இசைவோடு, செல்லத்தக்க உரிமம் வைத்து ஓட்டுபவரையும் இப்பகுதி பொதுவாகக் காக்கும். அந்தச் சந்தில் சுவருக்குப் பதிலாக ஒரு கிழவி நின்றிருந்தால் எங்களுக்குத் துணையாக வந்திருக்கக் கூடியது இதுதான்.

மற்றொன்று சொந்தச் சேதக் காப்பீடு. வண்டியே பழுதானால் அதன் உரிமையாளருக்கு ஈடு கொடுப்பது இது. இது கட்டாயம் அன்று. இருந்தாலும் செலவு முழுவதையும் தருவதில்லை. வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு: ஆறு மாதம் வரை இல்லை, இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை 15 விழுக்காடு, பத்து ஆண்டுக்கு மேல் 50 விழுக்காடு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. தேய்மானம் கழிக்காத பாலிசியும் உண்டு. அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். இவையன்றி, ஒவ்வோர் இழப்பிலும் ஒரு தொகையை உரிமையாளர் தாமே ஏற்க வேண்டும்.

இன்னும் ஒன்று. ஓராண்டு முழுவதும் இழப்பீடு கேட்காத உரிமையாளருக்கு மறு ஆண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. இது ஆண்டுதோறும் 25, 35, 45 என ஏறி, ஐந்து ஆண்டில் 50 விழுக்காடு ஆகும். ஒரு முறை கேட்டுவிட்டால் சேர்த்துவைத்த தள்ளுபடி போய்விடும். பாதி விலை மட்டுமே கிடைக்கும் ஒரு பம்பருக்காக எந்த உரிமையாளரும் இதை இழக்க மாட்டார். ஆகவே, "அது பெரிய விபத்துக்கு" என்று அவர் சொன்னது முழுப் பொய் அன்று. அவர் நிலையிலிருந்து பார்த்தால் அது சரியான கணக்கு. எதிராளியின் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அவரோடு வழக்காடுவது காற்றோடு சண்டை பிடிப்பதாகும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் அண்ணன் சொன்னார். உரிமையாளர் காப்பீட்டு நிறுவனத்திடம் ஈடு பெற்றுக்கொண்டால், அதே இழப்புக்கு நம்மிடமும் முழுத்தொகை வாங்கக் கூடாது. காப்பீடு என்பது இழந்ததை ஈடு செய்வதற்கு. ஆதாயம் தேடுவதற்கு அன்று. ஆதலால், "இழப்பீடு கேட்டீர்களா? எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு.

இரவல் பொருளின் சட்டம்

அப்படியானால் நாம் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? இதற்கு விடை காப்பீட்டுச் சட்டத்தில் இல்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டு கடந்த அந்தச் சட்டம், ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் ஒரு காரியத்துக்காக ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவதைப் பற்றி 148ஆம் பிரிவு முதல் பேசுகிறது. வெளுக்கப் போட்ட துணியும், தைக்கக் கொடுத்த சட்டையும், வாடகைக்கு எடுத்த காரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

அந்தப் பிரிவுகளுள் மூன்று நமக்கு வேண்டியவை. 151ஆம் பிரிவு, பொருளைப் பெற்றவர் சாதாரண அறிவுடைய ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல் அதைக் காக்க வேண்டும் என்கிறது. 152ஆம் பிரிவு, அப்படிக் காத்தும் சேதம் நேர்ந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அவர் பொறுப்பாளி அல்லர் என்கிறது. இந்தத் ‘தனி ஒப்பந்தம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் படிக்காமல் கையெழுத்திட்ட பொடி எழுத்துத்தான் அது. சட்டம் இயல்பாகத் தரும் காப்பை அந்த ஒரு வரியில் நாமே விட்டுக்கொடுத்து வந்திருக்கிறோம். எங்களைப் பொறுத்தவரை அந்த வரி இல்லாவிட்டாலும் தப்ப முடியாது. நாங்கள் கவனமாகக் காக்கவில்லை. ஆனால் நிறுத்தி வைத்த வண்டியில் வேறொருவர் மோதிவிட்டுப் போன மாணவருக்கு அந்த வரி பெரிய வேறுபாடு.

மூன்றாவது 150ஆம் பிரிவு. வாடகைக்குக் கொடுத்த பொருளில் குறை இருந்து அதனால் சேதம் விளைந்தால், அக்குறை தமக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாதிருந்தாலும் கொடுத்தவரே பொறுப்பு. பிரேக் பிடிக்காத ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு, விழுந்தவரிடம் பழுதுச் செலவு கேட்பவருக்கு இதுவே மறுமொழி.

அடுத்து, தொகை. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளைந்த இழப்புக்கே ஈடு என்கிறது 73ஆம் பிரிவு. இழந்தவர் தம் இழப்பைக் குறைத்துக்கொள்ளக் கையில் இருந்த வழியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது. இன்ன தண்டம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதியிருந்தாலும், அது மேல் வரம்பேயன்றி, நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது 74ஆம் பிரிவு. எளிய தமிழில் சொன்னால்: உடைத்ததற்கு விலை கொடுப்பது நேர்மை, உடைக்காததற்கும் விலை கொடுப்பது அறியாமை.

தீர்ந்த விதம்

அண்ணன் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதில் மிரட்டல் இல்லை. வழக்குத் தொடுப்பேன் என்ற சொல்லும் இல்லை. பம்பரும் விளக்கும் எங்கள் பிழையால் உடைந்தன, அதற்கு வருந்துகிறோம், நியாயமான செலவைத் தருவோம் என்று தொடங்கியது. பிறகு நான்கு கேள்விகள். பணிமனை எழுதிய பழுதுச் சீட்டை அனுப்புவீர்களா? வண்டி பணிமனைக்குப் போன நாளும் வந்த நாளும் எவை? பாலிசியின் நகல் கிடைக்குமா, இழப்பீடு கேட்டிருக்கிறீர்களா? கதவின் நெளிவு எங்கள் காலத்தில் நேர்ந்தது என்பதற்குச் சான்று என்ன?

நான்காம் கேள்விக்கு எங்களிடமே விடை இருந்தது. மாபுசாவில் வண்டியை வாங்கியவுடன் ஈரோட்டு நண்பர் எங்களை வண்டியில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். வேடிக்கைக்காக எடுத்த படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால், என் முழங்கைக்குக் கீழே இடக்கதவின் நெளிவு நன்றாகத் தெரிந்தது. படம் எடுத்த நாளும் மணியும் அதில் பதிந்திருந்தன. திட்டமிட்டுச் செய்ய வேண்டியதைத் தற்செயலாகச் செய்திருந்தோம். தற்செயல் எல்லோருக்கும் எப்போதும் கைகொடுக்காது.

கடிதம் போன நான்காம் நாள் மறுமொழி வந்தது. கதவைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. பணிமனைச் சீட்டில் 11,600 ரூபாய் இருந்தது. வண்டி உள்ளே நின்றது இரண்டு நாள். இரண்டு நாள் வாடகை 3,600. ஆக, 15,200 ரூபாய். முன்பணம் 5,000 போக, மீதி 10,200 ரூபாயை அனுப்பினோம். மறுவாரம் உரிமம் பதிவஞ்சலில் வந்து சேர்ந்தது. அதனோடு உரிமையாளர் ஒரு வரி எழுதியிருந்தார்: அடுத்த முறை வந்தால் தம்மிடமே வர வேண்டுமாம்! அவர் கெட்டவர் அல்லர். கேட்டுப் பார்த்தார், கேள்வி வந்ததும் கணக்கைத் திருத்திக்கொண்டார்.

பிறகுதான் ஒன்று தெரிந்தது. கோவில்பட்டி நண்பர் எங்களிடம் சொல்லாமலே, தம் துறை நண்பர் ஒருவரிடம் 37,000 ரூபாய் கடன் கேட்டு வைத்திருந்தார். முழுத் தொகையையும் தாமே அனுப்பிவிட எண்ணியிருந்தார். நண்பர்களே, இத்தகைய வழக்குகளில் நம்மைத் தோற்கடிப்பது சட்டம் அன்று, கூச்சம். பிழை செய்தவன் கேள்வி கேட்கலாகாது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். பிழையை ஒப்புக்கொள்வதும் கணக்குக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

கடிதம் பயன்படாமல் போயிருந்தால்? 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையிடுபவர் தாம் வாழும் ஊரிலேயே முறையிடலாம். கோவாவுக்கு மீண்டும் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். அளவுக்கு மிஞ்சிய முன்பணத்தையும், இழப்புக்குப் பொருந்தாத தண்டத்தையும் அச்சட்டம் நேர்மையற்ற ஒப்பந்தத்தின் அடையாளமாகச் சொல்கிறது. காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் என்று ஓர் அமைப்பும் உண்டு. ஆனால் அது பாலிசி வைத்திருப்பவருக்கு உரியது. வாடகைக்கு எடுத்தவர் அங்கே போக முடியாது. சொந்த வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் மட்டும் நினைவில் கொள்க.

பலகையின் நிறம்

பாலிசி இருந்தும் நிறுவனம் ஈடு தர மறுக்கும் நிலை ஒன்று உண்டு. அதை வண்டியின் எண் பலகையிலேயே காணலாம். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்தப் பயனுக்குரிய வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் ஓட்டுநரோடு வரும் வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான், நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டி. பச்சைப் பலகை உடைய மின்வண்டிகளுக்கு இக்கணக்கு வேறு. கார்களுக்கு 1989ஆம் ஆண்டுத் திட்டமும், மோட்டார் சைக்கிள்களுக்கு 1997ஆம் ஆண்டுத் திட்டமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் வந்தவை.

வெள்ளைப் பலகை வண்டியை நூறு ரூபாய் குறைத்துத் தருவார்கள். அது யாருடைய சொந்தப் பயனுக்கென்று காப்பீடு செய்யப்பட்டதோ, அவர் அதை வாடகைக்கு விட்டால் பாலிசியின் நிபந்தனை மீறப்படுகிறது. 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், சொந்தப் பயனுக்கென்று காப்பீடு செய்த கார் வாடகைக்கு ஓடும்போது பறிபோயிற்று. நிறுவனம் ஒரு காசும் தர மறுத்தது. முழுவதும் மறுப்பது முறையன்று என்று 75 விழுக்காடு தரச் சொன்ன தீர்ப்பை நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த முக்கால் பங்குக்கும் உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மீதிக் கால் பங்குக்கு அவர் யாரைத் தேடி வருவார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு பயம் நம்மிடையே உண்டு. வாடகை வண்டி ஓட்ட வணிக உரிமம் வேண்டுமோ என்பது. வேண்டியதில்லை. அத்திட்டங்களின்கீழ் சொந்தப் பயனுக்கு எடுத்த காரையும் மோட்டார் சைக்கிளையும் அவ்வகை வண்டிக்குரிய சாதாரண உரிமத்தோடு ஓட்டலாம் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவே விலக்குத் தருகிறது. "உங்களுக்குத் தகுந்த உரிமம் இல்லை, ஆகையால் காப்பீடு செல்லாது" என்று யாரும் மிரட்டினால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள். ஆனால் பழகுநர் உரிமத்தோடு எடுப்பவருக்கும், குடித்துவிட்டு ஓட்டுபவருக்கும், ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத நண்பரிடம் சாவியைக் கொடுப்பவருக்கும் காட்ட ஒன்றும் இல்லை.

நம் உடலுக்கு யார் காப்பு?

இதுவரை பேசியது பம்பரைப் பற்றி. பம்பருக்கு விலை உண்டு, வாங்கிவிடலாம். இனிச் சொல்வதை வாடகை ஸ்கூட்டரில் மலைச்சாலை ஏறும் நண்பர்கள் ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டிச் சென்ற ஒருவர் விபத்தில் இறந்தார். மோதிய மற்ற வண்டியை விட்டுவிட்டு, அவர் ஓட்டிய வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடமே குடும்பம் ஈடு கேட்டது. இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். அவர் மூன்றாம் நபர் அல்லர். ஆகையால் மூன்றாம் நபருக்குரிய ஈடு இல்லை என்று நீதிமன்றம் கூறியது. பாலிசியின் தனிநபர் விபத்துப் பகுதியில் கண்ட 1 இலட்சம் ரூபாய் மட்டுமே கிடைத்தது.

இப்போது 15 இலட்சம் ரூபாய்க் கட்டாய விபத்துக் காப்பு உண்டே என்பீர்கள். அது வண்டியின் உரிமையாளர் தாமே ஓட்டும்போது அவருக்கு உரியது. வாடகைக்கு எடுத்து ஓட்டும் மாணவருக்கு அன்று. அதாவது, மழையில் தனியே வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால், வழிப்போக்கருக்குக் காப்பு உண்டு. வண்டிக்கும் ஓரளவு உண்டு. ஓட்டிய நமக்கு மட்டும் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. இதை அறிந்த நாளில் கோவாச் சந்தின் சுவரை நான் நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

இதற்குப் பரிகாரம் எளிது. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 வயது நிரம்பிய எவரும், ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டி, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 இலட்சம் ரூபாய் குடும்பத்துக்குச் சேரும்; நிலையான ஊனம் நேர்ந்தால் அதன் அளவுக்கேற்பக் கிடைக்கும். பெரிய தொகை அன்று. ஆனால் மருத்துவச் செலவு இதில் சேராது. ஆகவே இயன்றவர்கள் தனியே ஒரு விபத்துப் பாலிசியும் மருத்துவப் பாலிசியும் எடுத்துக்கொள்வது நலம்.

செய்ய வேண்டியவை

சாவியை வாங்குமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். எல்லாச் சேதத்துக்கும் பொறுப்பு என்ற வரி இருந்தால் மேல் வரம்பு என்ன என்று கேட்டு, அதை எழுதச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் நாளுக்குச் சிறு தொகை கூடுதலாக வாங்கிக்கொண்டு நம் பொறுப்பை ஒரு வரம்புக்குள் நிறுத்தும். அது காப்பீடு அன்று. அந்நிறுவனம் தரும் வாக்கு. டயர், வண்டியின் அடிப்பகுதி, சாவி முதலியன பெரும்பாலும் அதில் சேரா. விதிவிலக்கையும் படித்துவிட்டே பணம் கொடுங்கள்.

பலகையின் நிறத்தைப் பாருங்கள். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு வண்டியைச் சுற்றி நடந்து ஒரு காணொளி எடுங்கள். கூரை, சக்கரம், அடிப்பகுதி, ஓடிய தூரம் காட்டும் எண் எல்லாம் அதில் வரட்டும். உரிமையாளரும் உடன் நின்றால் இன்னும் நல்லது. திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே செய்யுங்கள். உரிமத்தின் நகலைக் கொடுங்கள். மூலத்தை விட்டு வராதீர்கள்.

சேதம் நேர்ந்தால் முதலில் ஆளைக் கவனியுங்கள், வண்டி இரண்டாவது. யாருக்கேனும் காயம் பட்டிருந்தால் மருத்துவ உதவி செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் 134ஆம் பிரிவு ஓட்டுபவருக்கு இடும் கடமை. உரிமையாளருக்கு உடனே சொல்லுங்கள். நாமாக எந்தப் பணிமனையிலும் பழுது பார்க்கக் கூடாது; காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்க்குமுன் பழுது பார்த்தால் உரிமையாளருக்குக் கிடைக்கக்கூடிய ஈடும் போய், பழியும் நம்மேல் வரும். நடந்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள், தொகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் கொடுக்கும்போது வங்கி வழியே கொடுத்து, கணக்குத் தீர்ந்தது என்று எழுதி வாங்குங்கள்.

இவ்வளவும் செய்யக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தை நாங்கள் மாபுசாவில் தேநீர் குடித்துக் கழித்தோம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பாட்டிமார் சொன்ன மொழி. கையெழுத்துக்கும் ஆழம் உண்டு. வெளியூரில், வேற்று மொழியில், கூட யாரும் இல்லாத வேளையில் நாம் இடும் கையெழுத்துக்கு ஆழம் இன்னும் அதிகம். மாதக் கடைசியில் தந்தை அனுப்பும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவர் கூட்டம் நாம். நம்மில் ஒருவர் இனி வாடகை வண்டியின் சாவியை வாங்குமுன் ஒரு கணம் நின்று அந்தத் தாளைப் படிப்பாரானால், கோவில்பட்டி நண்பர் அன்று எடுத்த பேனா வீணாகவில்லை என்று மகிழ்வேன். அவர் இப்போதும் வண்டி ஓட்டுகிறார். பின்னுக்கு எடுக்கும்போது மட்டும் எங்களைப் பேச விடுவதில்லை.